மண் தட்டும் வன்னி மண்ணும்

மட்கலம் வனைதல் என்றவுடனே நம் மனக்கண்முன் தோன்றுவது, சுழலுகின்ற சக்கரமும் அதன்மீது இருகைகளுக்கிடையே எழுகின்ற குடமுமேயாம். குடம், பானை, சட்டி, முட்டி, கலயம், அகல் என நம்மவர் மட்கலங்களுக்கு இட்டு வழங்கும் பெயர்கள் பல. ஆயினும், உண்பதற்குரிய தட்டு இவ்வரிசையில் இடம்பெறக் காணோம். வன்னிநாட்டுப் பழைய வீடொன்றின் அடுக்களையை நினைந்து பாருங்கள். சோறு ஆக்கியது மண்பானையில். கறி காய்ச்சியது மண்சட்டியில். அரிசியிற் கல் அரித்தது அரிக்கன் சட்டியில். தண்ணீர் வைத்தது மண்குடத்தில். இத்துணையும் மண்ணாயிருக்க, உண்ணுங் கலம் மட்டும் மண்ணாக இல்லாமற் போனது ஏன்?

சைவசித்தாந்தம் பயின்றோர் ஓர் எடுத்துக்காட்டை நன்கறிவர். குடம் ஒன்று தோன்றுதற்கு மூன்று காரணங்கள் வேண்டும். மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகத்தின் தோற்றத்தை விளக்கப் பெரியோர் எடுத்தாண்ட இவ்வுவமையை நாம் இன்று உவமையாகக் கொள்ளாது, உள்ளபடியே எடுத்துக்கொண்டு, மண் தட்டின் வரலாற்றை ஆராய்வோம். முதன்முறையாகச் சக்கரத்தின்முன் அமர்ந்து ஒரு தட்டு வனைய விரும்பும் இளைஞருக்கும் இவ்வாராய்ச்சி பயன்படக்கூடும்.

முதற்காரணமாகிய மண்ணை முதலில் எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா முதலிய மாவட்டங்களில் பரந்து கிடக்கும் வன்னிப் பெருநிலம் குளங்களின் நாடு. வவுனிக்குளம், முத்தையன்கட்டுக்குளம், இரணைமடு முதலிய பெருங்குளங்களேயன்றி, ஊர்தோறும் சிறு குளங்களும் அங்கு உண்டு. மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு குளத்தினுட் புகும்போது, பருமணல் வாயிலிலேயே தங்கிவிடுகின்றது. நுண்ணிய துகள்கள் மட்டும் நீரோடு உள்ளே சென்று, நீர் அசைவற்று நிற்கும் இடத்தில் மெல்லப் படிகின்றன. ஆண்டாண்டாகப் படிந்த அந்த வண்டலே களிமண். வேளாளன் நெல்லுக்காகக் கட்டிய குளம், குயவனுக்காக மண்ணையும் அரித்துக் கொடுத்தது எனலாம். எனினும் களி மாத்திரம் போதாது. மிகக் கொழுத்த களி உலரும்போது பெரிதும் சுருங்கிப் பிளக்கும். ஆதலின் அதனோடு அளவறிந்து மணல் சேர்த்து, கல்லும் வேரும் நீக்கி, காலால் மிதித்துப் பதப்படுத்துவர்.

இத்தகைய மண்ணைக் கொண்டு வடபகுதி மக்கள் வனைந்த கலங்களுட் பழமையானவை, ஆய்வாளர் கறுப்புச் சிவப்பு மட்பாண்டம் என்று கூறும் வகையைச் சேர்ந்தவை. இவ்வகைக் கலம் உள்ளே கறுத்தும் புறத்தே சிவந்தும் காணப்படும். சூளையிற் கவிழ்த்து அடுக்கும்போது, காற்றுப் புகாத உட்புறமும் வாய்விளிம்பும் கறுக்க, காற்றுப் படும் புறம் சிவக்கும் என்பது இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். தமிழ்நாட்டிலே ஆதிச்சநல்லூரிலும், இலங்கையிலே புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பிலும், தாழிகளிலே இறந்தோரை இட்டுப் புதைத்த ஈமக்காடுகளில் இவை கிடைத்தன. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோதும் கிடைத்தன. கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பகுதியில் மண்ணித்தலை, வெட்டுக்காடு, பரமன்கிராய் முதலிய இடங்களைப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் ஆராய்ந்து, 'பூநகரி தொல்பொருளாய்வு' என்னும் நூலை 1993இல் வெளியிட்டார். வன்னிப் பெருநிலத்திலும் அப்பழைய மட்பாண்டப் பண்பாடு வேரூன்றியிருந்தது என்பதை அவ்வாய்வு காட்டிற்று.

இங்கே நாம் ஒன்றைக் கருத்தில் இருத்தவேண்டும். இக்கறுப்புச் சிவப்புக் கலங்களுட் பல, சமைக்கும் பானைகள் அல்ல. அகன்ற வாயும் குறைந்த ஆழமும் உடைய கிண்ணங்களும் வட்டில்களுமாம். கைக்கு அடக்கமாய், கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றப்பெற்ற இவை, உண்ணவும் பருகவும் உதவிய கலங்களாதல் வேண்டும். ஆகவே, நம்மவர் எக்காலத்தும் மட்கலத்தில் உண்டதில்லை என்று கூறுதல் பொருந்தாது. அக்கலம் எப்போது அடுக்களையை விட்டு நீங்கிற்று என்பதே நாம் வினவவேண்டிய வினா.

அதற்கு விடை காணுமுன், ஒரு புகழ்பெற்ற தட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். 1945ஆம் ஆண்டு புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் சேர் மோட்டிமர் வீலர் அகழ்வு நடத்தியபோது, வழவழப்பான, மெல்லிய, சாம்பல் நிறமும் கருமையும் கொண்ட தட்டுகளின் உடைவுகள் பல கிடைத்தன. தட்டையான அடி, உள்நோக்கி வளைந்த விளிம்பு, ஏறத்தாழ ஓர் அடி அகலம், உட்புறத்தே நடுவைச் சூழ்ந்து, நுண்புள்ளிகளாலான வட்ட வரிசைகள். இவற்றை ஆய்வாளர் 'ரௌலட்டட்' கலம் என்பர். உருள்வரிக் கலம் என நாம் தமிழிற் கூறலாம். இவை மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்தவை என்று வீலர் கருதினார். பின்னர் விமலா பெக்லி என்னும் அறிஞர், இவை இந்திய மண்ணிலேயே வனையப்பட்டவை என்று வாதிட்டார். 1997இல் வெளிவந்த ஆய்வொன்று வங்கத்துக் கங்கைக் கழிமுகத்தைச் சுட்டியது. 2005இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, அரிக்கமேட்டுத் தட்டும் அநுராதபுரத்துத் தட்டும் ஒரே மண்வளத்தைச் சேர்ந்தவை என்று வேதியியல் முறையாற் காட்டிற்று. இத்தட்டுகளின் உடைவுகள் யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும், மன்னாரைச் சார்ந்த மாந்தையிலும் கிடைத்துள்ளன. வன்னியின் இருமருங்கிலும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சக்கரத்தில் வனைந்த மண் தட்டு புழங்கியது என்பது இதனாற் பெறப்படும். அரிக்கமேட்டுக் குயவரோ, வந்த தட்டைக் கண்டு வியந்ததோடு நில்லாது, தமது பருமண்ணிலேயே அவ்வடிவத்தை வனைந்தும் பார்த்தனர். பிறர் கலத்தைக் கண்டு தம் மண்ணில் முயன்ற அவர்களும் ஒருவகையில் புதிதாகப் பயின்றவர்களே அல்லரோ?

ஆயினும் இம்முயற்சி நிலைபெறவில்லை. பிற்காலத்திற் கடல்வழியே சீனக் கலங்கள் வந்தன. மாந்தையிலே 1980ஆம் ஆண்டு முதலாக யோன் காஸ்வெல் நடத்திய அகழ்வுகளிலும், யாழ்ப்பாணத்தை அடுத்த அல்லைப்பிட்டியிலும் சீனத்துக் கலங்களின் உடைவுகள் கிடைத்தன. அக்கலங்களோடு சொற்களும் வந்து சேர்ந்தன. நாம் உண்ணும் தட்டைப் பீங்கான் என்கின்றோம். அச்சொல் பாரசீகத்தினின்று வந்தது என்பர். யாழ்ப்பாணத்தார் அதனையே கோப்பை என்பர். அது போர்த்துக்கேயர் வழி வந்தது என்பர். பானைக்கும் சட்டிக்கும் பழந்தமிழ்ப் பெயர் நின்று நிலவ, உண்ணுங் கலத்துக்கு மட்டும் கடல்கடந்த பெயர் வந்து அமர்ந்தமை, அக்கலத்தின் வரலாற்றையே சுருங்கச் சொல்கின்றது.

மண் தட்டு நீங்கியமைக்கு உள்நாட்டுக் காரணமும் உண்டு. மெருகுப் பூச்சில்லாத மட்கலத்தில் நுண்ணிய துளைகள் பல. எண்ணெயையும் புளியையும் அது உள்ளிழுக்கும். சாம்பலிட்டுத் துலக்கினால் வெண்கலம் தூய்மையாகும். மட்கலமோ கழுவினும் முன்னை உணவின் வாசத்தை விடாது. எச்சிற்பட்ட மட்கலத்தைத் துலக்கித் தூய்மையாக்க இயலாது என்னும் பழைய கொள்கை இவ்வுண்மையைத் தழுவியே எழுந்தது போலும். எனவே உண்ட பின் எறிந்துவிடத்தக்க கலம் வேண்டியதாயிற்று. அதனை இயற்கையே தந்தது. வாழையிலை ஒருபுறம், வன்னிக் குளங்களிலே பரந்து கிடக்கும் தாமரையிலை மற்றொருபுறம், பனையோலையால் இழைத்த தட்டுவம் வேறொருபுறம். காசின்றிக் கிடைக்கும் இலையோடு போட்டியிட்டு மண் தட்டு எவ்வாறு வெல்லும்?

எனினும் உண்ணும் மட்கலம் முற்றாக மறைந்துவிடவில்லை. துறவியின் கையிலே ஓடாக அது வாழ்ந்தது. தில்லையிலே வேட்கோவர் குலத்துத் தோன்றிய திருநீலகண்ட நாயனார், சிவனடியார்க்குத் திருவோடு வனைந்து கொடுத்தலையே தம் தொண்டாகக் கொண்டவர் என்று பெரியபுராணம் கூறும். சிவயோகியாக வந்த இறைவன் அவரிடம் ஓர் ஓட்டை வைத்துப் பின்னர் அதனை மறைத்து வழக்கிட்ட கதையை நீங்கள் அறிவீர்கள். பொன்னும் மணியும் வைத்து வழக்கிடாது, மண்ணோடு ஒன்றை வைத்து வழக்கிட்டமை கருதத்தக்கது. குயவரின் கைவேலையை அடியார் திருத்தொண்டாகவே நம் முன்னோர் மதித்தனர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனித் துணைக்காரணமாகிய சக்கரத்துக்கு வருவோம். நம் நாட்டுக் குயவரின் பழைய சக்கரம் பாரம் மிக்கது. முளையின்மேல் நின்று சுழல்வது. அதன் விளிம்புக் குழியிலே தண்டத்தை ஊன்றிச் சுழற்றிவிட்டால், தன் பாரத்தினாலேயே நெடுநேரம் ஓடும். குயவர் அதன் நடுவே பெருங்களியைக் குவித்து, உச்சியிலே வாயையும் கழுத்தையும் உருவாக்கி, நூலால் அறுத்து எடுப்பர். அக்கலம் சற்று உலர்ந்தபின், உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு, புறத்தே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை உருட்டுவர். இவ்வாறு தோன்றுவதே நம் உருண்டை அடிப் பானை. மூன்று கல் அடுப்பில் அது தானே இருக்கை கொள்ளும்; தீ எப்புறமும் ஒருசீராய்த் தழுவும்; கோணம் இல்லாமையால் சூட்டில் எளிதில் வெடிக்காது. உருண்டையை ஆக்குவதிலே நம்மவர் பெற்ற தேர்ச்சி பெரிது. தட்டோ அதற்கு நேர்மாறானது. தட்டையான அடியைத் தட்டுப்பலகையால் உருவாக்க இயலாது. முதலிலிருந்து கடைசி வரை சக்கரமும் கையுமே அதனை முடித்தாக வேண்டும்.

இதனாலேதான் தட்டு எளிது என்று எண்ணித் தொடங்கும் மாணவர் விரைவில் ஏமாற்றம் அடைகின்றனர். உயரமாக எழும் குடம் தன் குறையை உடனே காட்டிச் சரிந்துவிடும். தட்டோ சக்கரத்தில் அழகாகத் தோன்றி, மூன்று நாட் சென்றபின் பிளந்து தன் குறையைக் கூறும். ஆதலின் அதன் இயல்பைச் சிறிது விரிவாக நோக்குவோம்.

எட்டங்குல அகலமுள்ள தட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் பிசைந்த களி போதும். அதனைச் சக்கரத்தின்மேல் வைத்த மரவட்டிலேயே பதித்து வனைதல் வேண்டும். வனைந்த தட்டைக் கையால் தூக்கினால் அது நெளியும்; அந்நெளிவை நேராக்கினும் மண் அதனை மறவாது, சூளையில் மீண்டும் காட்டும். களியை முதலில் நடுவிற் கொணர்தல் வேண்டும். சுழலும்போது கையை உதைக்காது அமைதியாய் நின்றால் நடுவம் வாய்த்தது என்று அறியலாம். பின்னர் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மெல்ல அழுத்தி வட்டமாகப் பரப்புக. ஓரத்தில் ஒரு தடித்த வளையம் மிஞ்சியிருக்கட்டும். விளிம்பு அதனின்றே எழவேண்டும். அடியின் கனம் கால் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்டிருத்தல் நன்று.

அடுத்து வருவதே இத்தொழிலின் உயிர்நாடி. பரப்பிய அடியை நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து நடுவுக்கும், விரலாலோ மரத்துண்டாலோ அழுத்தித் தடவுக. இவ்வாறு பலமுறை அமுக்கப்படாத அடி, உலரும்போது நடுவே பாம்பு நெளிந்தாற்போலப் பிளக்கும். பானையின் அடியைப் பிற்பாடு பலகை தட்டி இறுக்குகின்றது. தட்டின் அடியை இறுக்குவது இந்த விரலே. தேங்கிய நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிடவும் வேண்டும். விளிம்பை எழுப்பிச் சாய்க்கும் வேளையிற் சக்கரத்தின் வேகம் தணிதல் அவசியம். அகலம் மிகுந்தோறும் விளிம்பு நடுவினும் விரைந்து ஓடும். வேகம் தணியாவிடின் அது தொய்ந்து சரியும். தண்டத்தாற் சுழற்றிய சக்கரம் தானாகவே மெல்ல மெல்லத் தணிவது, இவ்விடத்தில் மாணவர்க்கு உற்ற துணையாகின்றது.

அதன்பின் வேண்டப்படுவது பொறுமை. விளிம்பு மெல்லியது, காற்றும் அதனையே முதலில் தீண்டும். அடியோ பலகையோடு ஒட்டி ஈரமாயிருக்கும். விளிம்பு முந்திச் சுருங்க, அடி பிந்த, தட்டு கோணும் அல்லது வெடிக்கும். வன்னியிலே கச்சான் காற்று வீசும் மாதங்களில் இவ்விடர் மிகுதி. ஆகவே நிழலில் வைத்து, விளிம்பை ஈரத்துணியால் மூடுக. விரல் பதியாது, நகம் மட்டும் கீறும் பதம் வந்ததும் தலைகீழாய்க் கவிழ்த்து, அடியில் மிகையான மண்ணைச் சீவிக் களைக. பச்சைத் தட்டு உலர்ந்து சூளையினின்று மீளும்போது, மண்ணின் இயல்புக்கேற்பப் பத்தில் ஒரு பங்கு வரையிலும் சிறுத்துவிடலாம் என்பதையும் மனத்திற் கொள்ளவேண்டும்.

மெருகுப் பூச்சும் அதற்குரிய பெருஞ்சூளையும் இல்லாத மாணவர் மனந்தளர வேண்டியதில்லை. கறுப்புச் சிவப்புக் கலம் வனைந்த பழையோர் செய்தவாறே, பாதி உலர்ந்த தட்டை வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தால், மேற்பரப்பின் துளைகள் ஓரளவு அடைபட்டு ஒளி பெறும். நீர்ப்பொருளை அது முற்றாகத் தடுக்காது. பிட்டும் பழமும் பலகாரமும் வைக்க அது போதும். சூளையிலே தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தினால் அடித்தட்டுப் பாரத்தால் உடையும். சாய்த்து நிறுத்தி அடுக்குதல் நலம். தொடக்கத்தில் தீ மிக மெல்லியதாக இருக்கவேண்டும். உள்ளிருக்கும் ஈரம் நீராவியாகி வெளியேற வழியும் காலமும் கிடைக்காவிடின் கலம் வெடித்துச் சிதறும். திறந்த சூளைகளிற் பொதுவாக எழுநூறு முதல் தொளாயிரம் பாகை சென்ரிகிரேட் வரை வெப்பம் ஏறும். அவ்வெப்பத்துக்கு உள்ளான களி மீண்டும் நீரிற் கரையாத கலமாகிவிடுகின்றது.

ஈங்கு ஒருவர் வினவலாம். இலங்கையிலேயே மாத்தளையில் 1972ஆம் ஆண்டு யப்பானியர் கூட்டுறவோடு பீங்கான் தொழில் தோன்றியது. இலட்சக்கணக்கில் தட்டுகளை இயந்திரங்கள் ஆக்குகின்றன. கையால் ஒரு தட்டு வனைந்து ஆவதென்ன என்பர். தொழிற்சாலையில் தட்டு வனையப்படுவதில்லை. அச்சின்மேல் களியை இட்டு, உருளையால் அழுத்தி எடுக்கப்படுகின்றது. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் இருந்த ஓட்டுத் தொழிற்சாலையிலும் ஓடுகள் அழுத்தியே செய்யப்பெற்றன. போர்க்காலத்தில் அதன் பணியும் தடைப்பட்டது. அச்சு, வடிவத்தைப் பெருக்கும்; வடிவத்தை அறியும் கையை அது வளர்க்காது.

இங்கேதான் மூன்றாவது காரணமாகிய நிமித்தகாரணம் நம் கவலைக்கு உரியதாகின்றது. 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊர் ஊராகப் பெயர்ந்தனர். பெயர்வோர் நகையை எடுத்துச் செல்லலாம். உறுதிப் பத்திரத்தை எடுத்துச் செல்லலாம். பாரச் சக்கரத்தையும் சூளையையும் எடுத்துச் செல்வது எவ்வாறு? மீண்டு வந்தவர் அடுக்களையில் அலுமினியமும் பிளாஸ்ரிக்கும் இடம்பிடித்தன. களி அகழ்வதற்கும் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டம் அனுமதிப்பத்திரம் வேண்டுகின்றது. குளத்தைக் காப்பதற்கு அச்சட்டம் தேவையே. ஆயினும் ஒரு வண்டி மண் வேண்டிய எளிய தொழிலாளிக்கு அதுவும் ஒரு படி. இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. இத்தொழிலை ஒரு குலத்தார்க்கு மட்டும் உரியதாக்கி, அக்குலத்தாரைத் தாழ்வாகவும் நோக்கிய சமுதாயம், தொழிலை விட்டு அவர்தம் மக்கள் விலகும்போது வருந்துவதற்கு என்ன உரிமை உடையது? மதிப்பில்லாத தொழிலை மகனுக்குக் கற்பிக்கத் தந்தை விரும்புவாரா?

வட்டாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலிலே வைகாசிப் பொங்கல் நிகழும்போது புதுப்பானைகள் அடுப்பேறுகின்றன. திருமண வீட்டிலே முளைப்பாலிகைக்கு மட்கலம் வேண்டும். இறுதிச் சடங்கிலே கொள்ளிக் குடமும் மண்ணாகவே இருக்கவேண்டும். சடங்கு மட்கலத்தை முற்றாக மறையவிடாது காத்தது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வாங்கும் பானையால் ஒரு குடும்பம் வாழ இயலாது. நாள்தோறும் புழங்கும் கலமே தொழிலை வாழ்விக்கும். இன்று இலையில் உண்பதும் அருகி, எல்லார் வீட்டிலும் தட்டு நுழைந்துவிட்டது. எந்தக் கலம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் கரைக்கு வந்து, பின்னர் இலைக்கு இடங்கொடுத்து நீங்கியதோ, அந்தக் கலமே இப்போது குயவர் கைக்கு மீண்டும் வேலை தரக்கூடியதாய் நிற்கின்றது.

நேயர்களே! வன்னியில் மண்ணுக்குக் குறைவில்லை. குளங்கள் இன்றும் அதனை அரித்துத் தருகின்றன. சக்கரத்தையும் புதிதாகச் செய்துகொள்ளலாம். மின்னாற் சுழல்வதும் கிடைக்கின்றது. முதற்காரணமும் துணைக்காரணமும் விலைக்குக் கிடைப்பன. நிமித்தகாரணம் மட்டும் விலைக்குக் கிடைக்காது. அஃது ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு, அருகில் அமர்ந்து பார்த்தே செல்லவேண்டும். களியின் பதம் எது, தீ எப்போது போதும் என்பவற்றை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களைத் தொழிலாளர் என்று மட்டும் கருதாது ஆசிரியர் என்று மதித்து, நம் பாடசாலைகளுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் அழைத்தல் வேண்டும். எக்குலத்துப் பிள்ளையாயினும், ஆணாயினும் பெண்ணாயினும், அவர் அருகில் அமர்ந்து பழகட்டும். அப்பிள்ளை வனையும் முதல் தட்டுக் கோணலாயிருக்கும்; இரண்டாவது பிளக்கும்; பத்தாவது நேராக நிற்கும். அந்தப் பத்தாவது தட்டில் பிட்டு வைத்து உண்ணும் வீடு எதுவாயினும், அந்த வீட்டிலே வன்னியின் பழந்தொழில் ஒன்று மேலும் ஒரு தலைமுறைக்கு உயிர்த்திருக்கும்.